கல்லீரல் ஏன் பால் சுரப்பதில்லை?

பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தைச் செய்வதற்கான ஜீன்கள் உங்கள் கல்லீரலின் செல்களிலும் இருக்கின்றன. ஆயினும் கல்லீரல் பால் சுரப்பதில்லை. ஏன்?

ஜீன் இருந்தால் போதாது. அதை யாரேனும் முடுக்க வேண்டும். முடுக்குபவையும் அடக்குபவையும் சில கட்டுப்பாட்டுப் புரதங்களே. டி.என்.ஏ. இழையில் தமக்குரிய எழுத்து வரிசையைக் கண்டு இவை பற்றிக்கொள்கின்றன. ஜி, ஏ, டி, ஏ என்ற வரிசையைப் பற்றும் ஒன்றுக்குக் காட்டா-3 என்றே பெயர்.

இவற்றின் வேலையைக் காண மார்பகம் நல்ல இடம். பெரும்பாலான உறுப்புகள் கருவிலேயே உருப்பெற்றுவிடுகின்றன. மார்பகமோ பருவமடைந்த பின் கிளைவிடுகிறது. கருவுற்ற காலத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகளைத் தோற்றுவிக்கிறது. குழந்தை பால்குடி மறந்ததும் சுருங்குகிறது. 2006-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள், சுரப்பித் திசு நீக்கப்பட்ட சுண்டெலியின் மார்புக் கொழுப்பில் ஒரே ஒரு செல்லை வைத்தனர். சில எலிகளில் அதிலிருந்து ஒரு முழுச் சுரப்பியே வளர்ந்துவிட்டது!

அந்த ஒரு செல்லின் வாரிசுகள் எப்படி இருவேறு தொழில் கற்றன? நாளத்தின் உள்வரிசைச் செல்கள் பால் சுரக்கின்றன. வெளிவரிசைச் செல்கள் சுருங்கிப் பாலைத் தள்ளுகின்றன. உள்வரிசையை உருவாக்குவதில் காட்டா-3 முதன்மையானது. அவ்வரிசையில் சிலவற்றைப் பால் சுரக்கும் செல்களாக்குவது எல்ஃப்-5. கருவுறாத சுண்டெலிகளில் எல்ஃப்-5 புரதத்தை வலிந்து மிகுதியாக்கியபோது, அவற்றின் மார்பகத்தில் பால் சுரந்தது.

புரோலாக்டின் ஹார்மோன் செல்லின் மேலுறையிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தும்போது, உள்ளிருக்கும் ஸ்டாட்-5 என்ற புரதம் பாஸ்பேட்டை ஏற்று, இரண்டிரண்டாக இணைந்து, உட்கருவுக்குள் சென்று கேசின் ஜீன்களை முடுக்குகிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது ரிலேயை நினைவூட்டுகிறது. கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் ஓடும்வரைதான் ரிலே பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். பால்குடி நின்றதும் ஸ்டாட்-5 ஓய்கிறது. பால் செல்கள் மடிகின்றன.

காட்டா-3 விஷயத்திலும் இப்படித்தான். வளர்ந்த சுண்டெலியில் அதை நீக்கினால், முதிர்ந்த உள்வரிசைச் செல்கள் தம் தன்மையை இழந்து, ஒட்டியிருந்த அடிப்படலத்திலிருந்து பிரிகின்றன. ஒரு செல் தன் தொழிலை ஒருமுறை கற்றுவிட்டால் தீர்ந்தது என்று நாம் எண்ணியது தவறு. மனித மார்பகப் புற்றுகளில் சுமார் பத்தில் ஒன்றில் காட்டா-3 ஜீன் பழுதுபட்டிருப்பதை 2012-இல் வெளியான ஒரு பேராய்வு காட்டிற்று.

இன்று மருத்துவமனைகளில் இப்புரதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நுரையீரலிலோ எலும்பிலோ காணப்படும் கட்டி மார்பகத்திலிருந்து பரவியதா என்று ஐயம் எழும்போது, அதன் துணுக்கில் காட்டா-3 உள்ளதா எனச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றிலும் அது தென்படுவதால், வேறு சோதனைகளையும் சேர்த்தே முடிவு சொல்கிறார்கள்.