முதியோருக்கான பாராதைராய்டு அறுவை சிகிச்சை

பாராதைராய்டு அறுவை சிகிச்சை என்பது அளவுக்கு மீறிச் சுரக்கும் பாராதைராய்டு சுரப்பியை (இணைகேடயச் சுரப்பி) கழுத்திலிருந்து அகற்றும் சிகிச்சை ஆகும். இச்சுரப்பிகளின் மிகைச்சுரப்பு நோய், மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நோய் மிகுதியாக வரும் வயதினருக்கே, வயதைக் காரணம் காட்டி இச்சிகிச்சை பல வேளைகளில் தவிர்க்கப்படுகிறது.

சுரப்பியும் நோயும்

தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அரிசியின் அளவே இருக்கும். பெயர் ஒத்திருப்பினும் தைராய்டின் பணி வேறு, இவற்றின் பணி வேறு. இவற்றின் இயக்குநீர் எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்தில் விடுவிக்கிறது. சிறுநீரில் அது வீணாவதைக் குறைக்கிறது. இரத்தத்தில் கால்சியம் போதிய அளவை எட்டியதும் சுரப்பு அடங்குவது இயல்பு. நோயுற்ற சுரப்பி அவ்வாறு அடங்குவதில்லை. நோயாளிகளில் 80 முதல் 85 விழுக்காட்டினருக்கு ஒரே சுரப்பியில் தோன்றும் தீங்கற்ற கட்டியே காரணம். புற்றுநோய் மிக அரிது.

1925 இல் வியன்னாவில் பெலிக்சு மாண்டில் என்னும் மருத்துவர், எலும்புகள் நலிந்திருந்த டிராம் வண்டிப் பணியாளர் ஒருவருக்கு இவ்வறுவை சிகிச்சையைச் செய்தார். அவர் முதலில் வேறொருவரின் சுரப்பியை நோயாளிக்குப் பொருத்திப் பார்த்தார். பயனில்லாததால் பின்னர் கட்டியை அகற்றினார். சுரப்பி பெருப்பது நோயின் விளைவே என்று அக்காலத்தில் பலர் கருதியிருந்தனர்.

முதுமையில் அறிகுறிகள்

சோர்வு, தசைத் தளர்ச்சி, மறதி, மனச்சோர்வு, மலச்சிக்கல், எலும்பு வலி ஆகியன இந்நோயில் காணப்படலாம். இவை ஒவ்வொன்றும் மூப்பின் இயல்பு என்று ஒதுக்கப்படக்கூடியவை என்பதே சிக்கல். எலும்பு முறிந்த பின்னரோ சிறுநீரகக் கல் தோன்றிய பின்னரோ நோய் அறியப்படுவதும் உண்டு. இரத்தக் கால்சியத்தையும் இயக்குநீரையும் ஒருசேர அளந்து நோயை உறுதிசெய்கின்றனர். கால்சியம் உயர்ந்திருக்கும்போது இயக்குநீர் 'இயல்பான' அளவில் இருப்பதும் இயல்பன்று. தயாசைடு வகை மருந்துகளும் லித்தியமும் கால்சியத்தை உயர்த்தக்கூடும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளையும் பார்க்க வேண்டும்.

யாருக்குத் தேவை?

2022 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், எலும்புத் தேய்வு, முதுகெலும்பு முறிவு, சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயற்பாட்டுக் குறைவு, கால்சியம் இயல்பின் மேல்வரம்பைவிட டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் உயர்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. வயது 50க்குக் குறைவாக இருப்பதும் ஒரு காரணமாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 50ஐக் கடந்தவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவுசெய்வது தவறு. முதியவர் பலருக்கு மற்றக் காரணங்களுள் ஒன்றேனும் இருக்கும்.

எனினும் மிதமான நோயுள்ள எல்லோருக்கும் கத்தி தேவை என்பதும் சரியன்று. சுகாண்டிநேவிய நாடுகளில் 50 முதல் 80 வயதுடைய 191 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2022 இல் வெளியாயின. பத்தாண்டுகளில், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கும் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் இடையே இறப்பிலோ எலும்பு முறிவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே நோயின் கடுமை, நோயாளியின் உடல் வலிமை, இதய நிலை, எதிர்பார்க்கும் ஆயுள், அவரது விருப்பம் ஆகியவற்றைக் கொண்டு முடிவெடுப்பதே பொருத்தம். உறுதியான உடலுடைய 80 வயதினர், நலிந்த 65 வயதினரைவிட இச்சிகிச்சையை நன்கு தாங்கக்கூடும்.

செய்முறை

மீயொலிப் படம், செசுட்டாமிபி கதிரியக்கப் படம் ஆகியவற்றால் கட்டியின் இடத்தை முன்னரே அறிந்துகொண்டால் சிறு கீறலே போதும். மயக்கம் கொடுப்பது ஆபத்தாக உள்ள முதியவர்களுக்குக் கழுத்துப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தும் அறுவை செய்யலாம். பாராதைராய்டு இயக்குநீர் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைத்திருக்கும். கட்டியை எடுத்த 10 நிமிடங்களில் அதன் அளவு பாதிக்கும் கீழே குறைந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளப்படுகிறது. பட்டறிவுள்ள மருத்துவர்களிடம் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

குரல் நரம்பு காயமுற்றுக் குரல் கம்முதல், கழுத்தில் இரத்தம் கட்டுதல் ஆகியன அரிதான இடர்கள். நெடுநாள் கால்சியம் இழந்த எலும்புகள் அதை வேகமாக உறிஞ்சுவதால், சிகிச்சைக்குப் பின் கால்சியம் தாழ்ந்து உதட்டிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு தோன்றலாம். இதற்குக் கால்சியமும் உயிர்ச்சத்து டியும் தரப்படும்.

அறுவை சிகிச்சை இயலாதபோது

சினகால்செட்டு மருந்து கால்சியத்தைக் குறைக்கும், எலும்பை வலுப்படுத்தாது. அலென்டுரோனேட்டு எலும்பின் அடர்த்தியைக் கூட்டும். கால்சியத்தைப் பெரிதும் குறைக்காது. உணவில் கால்சியத்தை அறவே தவிர்ப்பது இயக்குநீரை மேலும் தூண்டும் என்பதால் நல்லதன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் உடலில் நீர் குறைந்தால் கால்சியம் திடீரென உயரக்கூடும். அப்போது முதியவரிடம் மனக்குழப்பமோ மிகுந்த தூக்கக்கலக்கமோ தோன்றினால் உடனடி மருத்துவம் தேவை.