தீபாவளி நேத்தே முடிஞ்சுது!

2018-ல் நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதம் ஒருநாள், நோட்டீஸ் போர்டில் இருந்த விடுமுறைப் பட்டியலைப் பார்த்ததும் வயிற்றில் பகீரென்றது. 'தீபாவளி: நவம்பர் 7, புதன்.' வீட்டு தினசரி காலண்டரிலோ நவம்பர் 6, செவ்வாய்!

வேறு வருஷமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அது எனக்குத் தலைதீபாவளி சார்! கும்பகோணத்தில் மாமனார் மோதிரத்துக்கு அளவு வாங்கி ஒரு மாதமாகிவிட்டது.

மேனேஜரிடம் ஓடினேன்.

"அது ஹெட் ஆபீஸ் லிஸ்ட்டுய்யா. பம்பாய்க்காரனுக்குத் தீபாவளி எப்போன்னு தெரியாதா?"

தெரியும். அவனுடைய தீபாவளி எப்போதென்று தெரியும்.

விஷயம் இதுதான். நமக்குத் தீபாவளி என்றால் நரக சதுர்த்தசி. விடியற்காலையில் சதுர்த்தசி திதி இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். வடக்கே லட்சுமி பூஜைதான் பிரதானம். அதற்குச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் அமாவாசை இருக்க வேண்டும். திதி நம் ஆபீஸ் மாதிரி மணியடித்து ஆரம்பிப்பதில்லை. எந்த நேரத்திலும் பிறக்கும். 2023 நவம்பர் 12-ல் விடியலில் சதுர்த்தசி இருந்தது. பிற்பகலிலேயே அமாவாசை பிறந்தது. காலையில் நமக்கு, சாயங்காலம் அவர்களுக்கு என்று ஒரே தேதியில் முடிந்தது. 2018-ல் அமாவாசை பிறந்ததே 6-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மேல். லட்சுமி மறுநாளுக்குப் போய்விட்டாள், என் லீவையும் கூட்டிக்கொண்டு!

(மராட்டியர்களும் சதுர்த்தசி விடியலில் நம்மைப் போலவே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். அதை யார் மேனேஜரிடம் சொல்வது?)

அந்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டுக்கே இந்தத் தகராறு போனது. பட்டாசு இரவு 8 முதல் 10 வரைதான் என்று முதலில் உத்தரவு. 'எங்கள் ஊரில் தீபாவளியே விடியற்காலையில்தான்' என்று தமிழக அரசு முறையிட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றது கோர்ட். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது.

அரசுக்கு வக்கீல் இருந்தார். எனக்கு யார்? 'லாஸ் ஆஃப் பே' எழுதிக் கொடுத்துவிட்டு 5-ம் தேதி ராத்திரி மனைவியோடு பஸ் ஏறினேன்.

நாலு மணிக்கே தலையில் எண்ணெய் வைத்தாயிற்று. "கங்கா ஸ்நானம் ஆச்சா மாப்பிள்ளை?" என்று தெருவே விசாரித்தது. மாமனார் வாட்சும் கையுமாக வாசலில் நின்றார். மச்சினன் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே சரத்தைப் பற்றவைத்துவிட, "டேய், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெடிச் சத்தமே கேட்கவில்லை.

ராத்திரி பஸ் ஏற்றும்போது, "நாளைக்கும் லீவா? ரெண்டு நாள் குடுக்கறாங்களா! நல்ல கம்பெனி, விட்டுடாதீங்க" என்றார். ஒரு நாள் சம்பளம் போனதைச் சொல்லவில்லை. மோதிரம் போட்ட கையால் டாட்டா காட்டினேன்.

7-ம் தேதி சாயங்காலம் சௌகார்பேட்டையில் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போனோம். குஜராத்திகள். மறுநாள் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. லட்சுமி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகம். பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு லேப்டாப்! மார்ச் 31-ல் கணக்கை முடி என்று மூன்று வருஷம் பி.காம். படித்தவன் நான், பார்த்துக்கொண்டே நின்றேன்.

நண்பரின் அப்பா இனிப்புத் தட்டை நீட்டினார்.

"உங்க தீபாவளி எப்போ?"

"நேத்தே முடிஞ்சுது சேட்."

"அப்போ இன்னிக்கு?"

"இன்னிக்குத்தான் லீவு."

பெரியவர் சிரித்தபடியே என் தட்டில் இன்னொரு காஜு கத்லி வைத்தார்.