சவுரிமுடி வறளாமல் காக்க: புட்டியின் பின்பக்கமும் வாங்கியவரின் உரிமையும்

தலையில் வளரும் முடிக்கு வேர்ப்பக்கச் சுரப்பிகள் எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்கும். சவுரிக்கும் விக்குக்கும் அந்த ஊட்டம் கிடையாது. போன பசையை வெளியிலிருந்து பூசித்தான் மீட்க வேண்டும். எனவே சொந்த முடிக்குத் தீங்கு செய்யாத ஜெல்லோ ஸ்பிரேயோ கட்டுமுடியைச் சீக்கிரமே வைக்கோலாக்கிவிடலாம். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் கல்யாணப் பெண்ணுக்குச் சடை நீட்டுபவர்களுக்கும், பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞர்களுக்கும், புற்றுநோய் மருந்தால் முடி உதிர்ந்தவர்களுக்கும் இது வீண் செலவு. நோயாளிக்கு அது மனவேதனையும்கூட.

முதலில் முடி எந்த வகை என்று தெரிய வேண்டும். உள்பக்கத்திலிருந்து ஓரிழையை எடுத்துத் தள்ளிவைத்துக் கொளுத்தினால், மனித முடி கருகிய நாற்றத்துடன் பொடியாகும்; செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். செயற்கை இழைக்கு எண்ணெயும் சீரமும் பிசுக்கைத்தான் சேர்க்கும். அதற்கென விற்கும் ஸ்பிரேயே போதும். வெந்நீர், அயர்ன், குக்கர் ஆவி எதுவும் அதன்மேல் படக்கூடாது. எந்த விக்குடனும், குறிப்பாக ஸ்பிரே அடித்த கையோடு, அடுப்பருகே போகவே கூடாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு.

மனித முடிக்கு வாங்கும்போது புட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். அளவில் கூடுதலாக உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். ஆல்கஹால் டீநேச்சர்டு, எத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை தொடக்கத்திலேயே இருந்தால் அந்தப் பொருள் வேண்டாம். அவை ஆவியாகும்போது முடியின் ஈரத்தையும் பசையையும் குறைக்கின்றன. செட்டைல், செட்டியரைல், ஸ்டியரைல் ஆல்கஹால்கள் பெயரில் மட்டுமே அவற்றுக்கு உறவு. இவை மென்மை தரும் கொழுப்பு வகை, ஒதுக்கத் தேவையில்லை. ஷாம்பூவில் சோடியம் லாரில் சல்பேட் இல்லாதிருப்பது நல்லது. கண்டிஷனரையும் தேங்காய் எண்ணெயையும் நுனிப்பக்கம் கொஞ்சமாகத் தடவலாம். முடிச்சும் ஒட்டுப்பசையும் உள்ள அடிப்பகுதியில் பட்டால் பிடி தளர்ந்து முடி கழன்றுவிடும்.

தண்ணீரும் காரணமாகலாம். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. அதன் சுண்ணாம்புச் சத்து முடியில் படிந்து சொரசொரப்பாக்கும், எவ்வளவு விலையுயர்ந்த கண்டிஷனரும் அதன்மேல் எடுபடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் அந்தத் தண்ணீரையோ, பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்தலாம்.

நல்ல பொருளும் பலிக்காத முடி உண்டு. தரம் குறைந்த முடியை அமிலத்தில் ஊறவைத்து, மேல்தோலை நீக்கி, சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். சில அலசல்களில் பூச்சு போனதும் வறட்சி வெளிப்படும். இதை உயர்தர முடி என்றோ, செயற்கை கலந்ததை ‘அசல் மனித முடி’ என்றோ சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே ‘மனித முடி’ என்ற சொல்லை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம்.

ஸ்பிரே, சீரம், ஷாம்பூ எல்லாம் அழகுசாதனப் பொருள்கள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இவை இல்லாத புட்டியைப் பற்றி மருந்துகள் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் தரலாம். உச்சந்தலையில் அரிப்போ கொப்புளமோ வந்தால் பூச்சை நிறுத்திவிட்டுப் புட்டியுடன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவச் சீட்டும் பின்னர் சான்றாகும்.

பணமோ மாற்றுப் பொருளோ தரக் கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் தருமபுரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ரசீது, காலிப் புட்டி, கெட்டுப்போன முடி, அதன் படங்கள் ஆகியவற்றை அதுவரை பத்திரப்படுத்த வேண்டும்.