கோப்பு உங்களுடையது, முடிவு யாருடையது?

"நம்ம சிஸ்டம் செக்யூர்தானே சார்?" சர்வர் பராமரிப்பில் இருக்கும் என்னிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. எதை, யாரிடமிருந்து காக்க வேண்டும் என்று முதலில் தெரியவேண்டும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கும் இதே தலைவலி இருந்தது. ரகசியக் கோப்பும் சாதாரணக் கோப்பும் ஒரே கம்ப்யூட்டரில், பலர் பயன்பாட்டில். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்பி வாங்குவது? 1983இல் ஒரு தர அளவுகோலை வெளியிட்டார்கள். அட்டையின் நிறத்தால் அதற்கு 'ஆரஞ்சு புக்' என்றே பெயர். கீழே டி, மேலே ஏ, இடையில் சி, பி. உட்பிரிவுகளோடு மொத்தம் ஏழு படிகள். டி என்றால் தேறவில்லை.

சி2 படிக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியாக லாகின் செய்யவேண்டும். யார் என்ன செய்தார் என்பது பதிவாக வேண்டும். ஒரு புரோகிராம் விட்டுப்போன மெமரியில் பழைய தகவல் எதுவும் அடுத்த புரோகிராமுக்குத் தெரியக்கூடாது என்பதும் விதி. லாட்ஜ் அறையைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குச் சாவி தரக்கூடாது, அவ்வளவுதான்.

உண்மையான பிளவு சிக்கும் பிக்கும் நடுவில். சியில் கோப்பின் சொந்தக்காரர் வைத்ததே சட்டம். லினக்ஸில் கோப்பின் உரிமை எண்ணை 640 என்று போட்டால் அவர் படிக்கலாம், எழுதலாம், அவர் குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவசரத்தில் என்ன நடக்கிறது? "அண்ணே, 777 போட்டேன், ஓடிடுச்சு!" என்று ஒரு தம்பி சந்தோஷமாக வந்து நிற்பான். எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறான். சிஸ்டம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பியில் அது நடக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் ரகசிய முத்திரை உண்டு. சொந்தக்காரரே நினைத்தாலும் மீறமுடியாது. கீழ்நிலை ஆள் மேல்நிலைக் கோப்பைப் படிக்க முடியாது என்பது எதிர்பார்த்ததுதான். மேல்நிலை ஆள் கீழ்நிலைக் கோப்பில் எழுதவும் முடியாது! அவர் கணக்கில் புகுந்த திருட்டு புரோகிராம் ரகசியத்தைக் கீழே நகலெடுத்து வைத்துவிடக் கூடாதே. மல்டிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் 1985இல் பி2 வாங்கியது. சிஸ்டமே விதிக்கும் இந்தக் கட்டாயக் கட்டுப்பாடு, முத்திரைகள் வேறாக இருந்தாலும், 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் நம் போனில் முழுமையாக அமலில் இருக்கிறது.

1995இல் விண்டோஸ் என்டி 3.5 சி2 சான்றிதழ் வாங்கியது. நெட்வொர்க் இணைப்பே இல்லாத நிலையில் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அது. ஒயரைச் சொருகினால் கதையே வேறு.

ஆரஞ்சு புக்கின் இடத்துக்கு 'காமன் கிரைட்டீரியா' வந்தது. 1999இல் ஐஎஸ்ஓ தரமானது. இதில் இஏஎல் என்ற நிலைகள், 1 முதல் 7 வரை. அந்த எண் பூட்டின் பலமல்ல, பூட்டை எவ்வளவு ஆழமாகச் சோதித்தார்கள் என்பதன் அளவு. அதனால் டெண்டரில் இஏஎல் 4 என்று பெருமையாகப் போட்டிருந்தால், நான் 'செக்யூரிட்டி டார்கெட்' ஆவணத்தைக் கேட்பேன். எந்த வெர்ஷனை, எந்தெந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.