விமான நிலைய பார்க்கிங்: எக்ஸெல் சொல்லும் கணக்கு

சென்னை விமான நிலையத்தில் 2,000 கார்களுக்கு மேல் நிறுத்தக் கூடிய பல அடுக்கு பார்க்கிங் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. வெளியூர் செல்கையில் சொந்தக் காரை அங்கே விட்டுச் செல்வது லாபமா, டாக்சி லாபமா? எக்ஸெல் மூலம் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பி1 செல்லில் காரை விடும் தேதி, நேரம். பி2 செல்லில் எடுக்கும் தேதி, நேரம் டைப் செய்திடவும். பி3 செல்லில், பி2விலிருந்து பி1ஐக் கழிக்கும் பார்முலா அமைக்கவும். விடை தேதியாகத் தெரிந்தால் செல் பார்மட்டை ஜெனரல் என மாற்றவும். வெள்ளி காலை 6 மணிக்கு விட்டு, திங்கள் காலை 9 மணிக்கு எடுத்தால் 3.125 எனக் கிடைக்கும். 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்ளும் பார்க்கிங்கில் இதற்கு 4 நாள் கட்டணம் கேட்கலாம். எனவே ரவுண்ட்அப் பங்சன் மூலம் முழு எண்ணாக்கவும்.

உதாரணமாக, நாள் கட்டணம் 400 ரூபாய், பெட்ரோல் 300 ரூபாய், டாக்சி போக வர 1,600 ரூபாய் என வைத்துக் கொள்வோம். காருக்கு 3 நாள் என்றால் 1,500 ரூபாய். 4 நாள் என்றால் 1,900 ரூபாய். கூடுதலான 3 மணி நேரத்தால் டாக்சி லாபமாகி விடுகிறது! அன்றைய உண்மைக் கட்டணங்களைக் கேட்டறிந்து செல்களில் நிரப்பவும்.

பெட்டிகள் குறைவென்றால் மெட்ரோ ரயில் இரண்டையும் விட மலிவு. ஆனால் நள்ளிரவு விமானத்திற்கு அது உதவாது.