பிரிடா காலோவின் நிலைப்பொருள் ஓவியங்கள்

பழம், பூ, பாத்திரம் போன்ற அசையாப் பொருட்களைப் பார்த்து வரைவது நிலைப்பொருள் ஓவியம் எனப்படும். மெக்சிகோவின் பிரிடா காலோ (1907–1954) தன்னுருவ ஓவியங்களுக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் வரைந்த பழங்களை அலங்காரம் என்று கடந்துவிடுவோர் உண்டு. ஆனால் பெண்ணுடலைப் பற்றி அவர் காட்டியவற்றுள் கணிசமான பகுதி அந்தப் பழங்களில்தான் உள்ளது.

ஐரோப்பியக் கலைக்கழகங்கள் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை, ஆடையற்ற மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கவில்லை. அப்பயிற்சி இன்றி வரலாற்று, புராணக் காட்சிகளை வரைவது கடினம். எனவே பல பெண் ஓவியர்களுக்குப் பூவும் பழமுமே எஞ்சின. மதிப்பில் கடைசியாக வைக்கப்பட்ட வகையும் அதுவே.

காலோ கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். 1925இல் நேர்ந்த பேருந்து விபத்தில் அவருடைய முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. படுக்கையில் இருந்தபோதுதான் தீவிரமாக வரையத் தொடங்கினார். 1932இல் டெட்ராய்ட் நகரில் அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அதைக் காட்டும் 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை' ஓவியத்தில் நத்தை, ஆர்க்கிட் மலர், இடுப்பெலும்பு முதலியவை சிவப்பு நாடாக்களால் அவரோடு பிணைக்கப்பட்டுள்ளன. உடலின் அனுபவத்தைப் பொருட்கள் சுமக்கும் முறை இங்கேயே தெரிகிறது.

1938இல் வரைந்த சப்பாத்திக்கள்ளிப் பழங்களில் ஒன்று பிளந்து, உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்கிறது. அதைப் பழம் என்பதா, புண் என்பதா என்று பார்ப்பவர் தயங்குவார். 1943இல் வரைந்த ஓவியத்தில் வெட்டிய தர்ப்பூசணி, விதை தெரியும் பப்பாளி ஆகியவற்றை ஓரத்திலிருந்து ஒரு சிறு மணப்பெண் பொம்மை எட்டிப் பார்க்கிறது. 'திறந்து கிடக்கும் வாழ்வைக் கண்டு அஞ்சும் மணப்பெண்' என்பது அதன் தலைப்பின் பொருள். திருமணத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பழக்கூடை வேறு இருக்குமா என்பது ஐயமே.

இந்த வெளிப்படைத்தன்மை எல்லோருக்கும் உவப்பாக இல்லை. மெக்சிகோ குடியரசுத் தலைவரின் உணவறைக்காக 1942இல் செப்புத் தகட்டில் அவர் வரைந்த வட்ட வடிவ ஓவியம் திருப்பி அனுப்பப்பட்டது. அதிலிருந்த வெட்டிய காய்கனிகள் உடலுறுப்புகளை நினைவூட்டியதே காரணம் எனப்படுகிறது. ஆடையற்ற பெண்ணின் படத்தை மாளிகைச் சுவர்கள் வெகுகாலமாகத் தாங்கியே வந்துள்ளன. ஒரு பெண் வரைந்த பழம்தான் பொறுக்க முடியாததாயிற்று.

1950இல் முதுகெலும்பில் பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதன்பின் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தபடி கைக்கெட்டிய பழங்களை அதிகம் வரைந்தார். 1951இல் வரைந்த தேங்காய்கள் அழுகின்றன. தேங்காய்க்குக் கண் உண்டு என்று சொல்லும் தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ஸ்பானிய மொழியில் இவ்வகை ஓவியத்துக்கு 'இறந்த இயற்கை' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. 1952இல் வரைந்த ஒன்றுக்குக் காலோ 'உயிருள்ள இயற்கை' என்று பெயரிட்டு, அச்சொற்களைத் துளிர்விடும் கொடிபோல் ஓவியத்திலேயே எழுதினார்.

1953இல் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றினர். வலிநிவாரணிகளால் கடைசிக்காலத் தூரிகைக் கோடுகள் தடித்துக் கலங்கியிருந்தன. கடைசியாக அறியப்படும் தர்ப்பூசணி ஓவியத்தில், ஒரு கீற்றின் சிவந்த சதைமீது 'வாழ்க வாழ்வு' என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் எழுதி, 1954 என்று ஆண்டும் இட்டுள்ளார். பழங்களை முன்பே வரைந்துவிட்டு, இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு எழுத்தை மட்டும் சேர்த்தார் என்று கருதுவோரும் உளர்.