போட்டிக் கருவிகள் ஏன் ஒரே நூலில் நெய்கின்றன?

கல்முனைக்கு அருகே மருதமுனையில் நெய்யும் சாரனின் கரையும் கட்டமும் தறிக்குத் தறி வேறுபடும். அதில்தான் போட்டி. நூலை மட்டும் எல்லோரும் விலைக்கு வாங்குகிறார்கள். தாமே நிரல் எழுதித்தரும் திறந்த மூலக் கருவிகளிலும் இதே ஏற்பாடுதான்.

ஒரு கணினிச் சேவை எதைக் கேட்கும், எதைத் தரும் என்பதை 'விஸ்டல்' என்ற விவரக் கோப்பு சொல்கிறது. அதில் 'விலை: தசம எண்' என்று ஒரு வரி இருந்தால், விலையை வைக்கவும் எடுக்கவும் வேண்டிய ஜாவா நிரலைக் கருவியே எழுதிவிடும். கையால் எழுதினால் நாட்கணக்கில் இழுக்கும் வேலை, நொடிகளில் முடியும்.

இத்தகைய கருவிகளில் ஒன்றான அப்பாச்சி ஆக்சிஸ்2, 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டமொன்றில் கருக்கொண்டது. இலங்கைப் பொறியாளர்கள் பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. செல்டிக்ஸ், எக்ஸ்ஃபயர் என்ற இரு திட்டங்கள் 2006இல் இணைந்தபோது அதற்குப் போட்டியாக அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் பிறந்தது. இரண்டிலும் நிரல் எழுதும் பகுதியின் பெயர்கூட 'விஸ்டல்2ஜாவா'தான்!

ஏன் இந்த இரட்டை வேலை? தரவை ஜாவா நிரலோடு பிணைக்க ஆக்சிஸ்2 தனக்கென ஏடிபி என்ற எளிய முறையை முன்வைத்தது. சிஎக்ஸ்எஃப் ஜாவா உலகின் பொதுத்தரமான ஜாக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டது.

எப்படி ஒத்துழைக்கின்றன? ஆக்சிஸ்2 முதலில் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் ஓர் எலும்புக்கூட்டை அமைத்து, பிறகு அச்சுவார்ப்புகளால் அதை நிரலாக்குகிறது. தரவுப் பகுதியைக் கழற்றி மாட்டலாம்: ஏடிபிக்குப் பதில் எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜிபிக்ஸ், ஏன், ஜாக்ஸ்பியே வரலாம். தரவு வடிவங்களை வாசிக்க எக்ஸ்எம்எல்ஸ்கீமா, கொள்கைகளைப் படிக்க நீத்தி, பாதுகாப்புக்கு டபிள்யூஎஸ்எஸ்4ஜே என்று இரு தரப்புக்கும் பொதுவான நூலகங்களும் உண்டு.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நீத்தியில் ஒரு பிழையைத் திருத்தி, அது ஏற்கப்பட்டால், அந்தத் திருத்தம் இரண்டு முகாமுக்கும் போய்ச்சேரும்.